விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன

பிப்ரவரி 3

தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதலில் நீ செய்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

உன் அத்தானை அடக்கம் செய்த மண் காய்வதற்குள் உன் கடிதம் வந்தது. ஆறுதல் மூன்று வரி. லீவு கிடைக்கவில்லை என்பதும் அந்த மூன்றில் ஒன்று. அதற்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க ஜெபக் குறிப்பு: உன் முழங்கால் வலி, உன் மேற்பார்வையாளர் பதவி, உன் மகளின் மனம் நல்லபடியாக மாற வேண்டும் என்பது. அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தவள் நான். புருஷனைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ எழுதுவது எனக்கா, என் வழியாக ஆண்டவருக்கா? நான் என்ன தபால் பெட்டியா?

இந்த வழக்கில் நீ இரண்டாம் எதிரிதான். முதல் எதிரி ஆண்டவர்.

இத்தனை வருஷமாகக் காலையில் எழுந்ததும் சமையலறை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் பெயர் வாசித்திருக்கிறேன். உன் பெயர் முதலில். பிறகு உன் வீட்டார், போதகர், சபையில் வேலை இல்லாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், வயிற்றில் கட்டி உள்ளவர்கள். எல்லோரும் என்னிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். எனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. உன் அத்தானின் உயிர். கொடுக்கவில்லை.

ஆகையால் விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. உனக்காகவும் கேட்கமாட்டேன், யாருக்காகவும் கேட்கமாட்டேன். ஆனால் கோபித்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்ற பேர் எனக்கு வேண்டாம். வழக்கமான நேரத்துக்கு எழுவேன். அதே நாற்காலியில் உட்காருவேன். வாயைத் திறக்கமாட்டேன். அவரும் பார்க்கட்டும்.

போனில் கூப்பிடாதே. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து இயந்திரங்கள் தின்றது போக மிச்சமிருந்த காதும் போய்விட்டது. நீ பேசுவது தகரத்தில் கல் உருட்டுவதுபோல் இருக்கிறது. சொல்ல வேண்டியதை எழுது.

உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் இல்லாத
அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு, தலையைக் குனிந்துகொண்டு தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தைத் துறைமுகத்துக் கேன்டீனில் வைத்துப் பிரித்தேன். என் முகத்தைப் பார்த்த பக்கத்துக் கிரேன்காரன், "என்னப்பா, வக்கீல் நோட்டீஸா?" என்றான். "அதுன்னா பதில் போட்டுடலாமே. இது அக்கா" என்றேன். அவனுக்கும் ஒரு அக்கா உண்டு. தன் டீயை என் பக்கம் நகர்த்திவைத்தான்.

நீங்கள் எழுதியதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. எனக்கு எழுதத் தெரியவில்லை அக்கா. அத்தானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடுகிறது. ஜெபக் குறிப்பு என்றால் கை தானாக ஓடுகிறது. பழக்கம்.

லீவு விஷயத்தை இன்னொரு சமயம் விவரமாக எழுதுகிறேன்.

கோபத்தில் இருக்கிறீர்கள், தெரிகிறது. எனக்காக ஒன்றும் கேட்க வேண்டாம். முழங்கால் போனால் போகட்டும். மகள் குருவிக்காக மட்டும், கேட்கக்கூட வேண்டாம், அவள் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள். அது போதும்.

அன்புடன்
தம்பி

மார்ச் 14

தம்பிக்கு அக்கா எழுதுவது. மூச்சு வருகிறது, போகிறது. நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

திட்டி எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலிலும் கடைசியில் ஒரு விண்ணப்பம். உன்னைத் திருத்த முடியாது. பிள்ளைக்கு என்ன என்றும் சொல்லமாட்டாய். பெயரை மட்டும் சொல்ல வேண்டுமாம். சொல்லவில்லை.

போன வாரம் போதகர் வந்தார். நல்ல பையன்தான், பேசும்போது கையை ஆட்டுவார். பெண்கள் கூட்டத்தில் விண்ணப்ப ஜெபம் ஏறெடுக்க ஆள் இல்லையாம். என் காதுக்கு எட்டுவதற்காகப் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறக்குமளவு கத்தினார்.

"நீங்க ஜெபிச்சாத்தான் எங்களுக்கு ஜெபிச்ச மாதிரி இருக்கும்மா."

"அதான் தப்பு. நீங்க எல்லாரும் ஜெபிக்காததுக்கு நான்தான் காரணம்."

"துக்கத்துல பேசறீங்க."

"வேலைநிறுத்தத்துல பேசறேன்."

அவர் கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். "அப்போ காலையில என்னதாம்மா பண்றீங்க?"

"உட்கார்ந்திருக்கேன்."

"உட்கார்ந்து?"

"முறைச்சிக்கிட்டு."

எதையாவது எடுத்து வாசிப்பார், என் தலையில் கைவைப்பார் என்று பார்த்தேன். டீயைக் குடித்தார். போகும்போது வாசலில் நின்று, "எனக்குக் கோபம் வந்தா நான் ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகமாட்டேம்மா. நீங்க தினமும் போயி உட்கார்றீங்க" என்றார். குத்திக்காட்டினாரா, மெச்சினாரா தெரியவில்லை. அந்த மனிதரிடம் இதுவரை எனக்குப் பிடித்த பேச்சு அது ஒன்றுதான்.

லீவு விவரத்தை எழுது.

அக்கா

ஏப்ரல் 22

தம்பிக்கு அக்கா எழுதுவது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. விண்ணப்பம் வாங்குவதில்லை என்றதும் எழுதுவதற்கே ஒன்றும் இல்லாமல் போயிற்றா?

நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன். உட்காருவது நடக்கிறது. எதிரே ஒருவர் இருக்கும்போது எவ்வளவு நாள்தான் முறைப்பது? முகம் வலிக்கிறது. ஒரு நாள் காலை மழை. என்னை அறியாமல், "மழை பெய்யுது" என்றேன். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்கும் தெரியாத ஆளிடம் சொல்வதுபோல.

சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. இத்தனை காலம் ஆண்டவரோடு பேசியிருக்கிறேன், இப்படி ஒரு வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை. மழையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்: வேண்டும் என்று, இல்லாவிட்டால் போதும் என்று. கேட்பதைக் கழித்துவிட்டால் எங்களுக்குள் பேச்சே இல்லை. இதற்கு நான் மட்டும் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். அவரும் ஒரு நாள் வாய் திறந்திருக்கலாம்.

மறுநாள் சலவைக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். தேய்ப்பு உருளைக்குள் போய்ச் சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்பை, சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் முகத்தில் ஒற்றிக்கொள்வேன். யாரும் படுக்காத, யாரும் அழாத, யாரும் சாகாத துணியின் வாசனை. இதை உன் அத்தானிடம்கூடச் சொன்னதில்லை. இவரிடம் சொன்னேன்.

பதில் வந்ததா என்று கேட்காதே. வரவில்லை. ஆனால் அடுத்த நாள் கடிகாரம் அடிக்குமுன் முழிப்பு வந்துவிட்டது. யாரோ வருவதாகச் சொல்லியிருக்கிற வீட்டில் முழிப்பு வருமே, அப்படி. எழுந்து மேஜையைத் துடைத்தேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். பிள்ளையையும்.

அக்கா

மே 8

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வேலை அதிகம், கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன. அதனால் எழுத முடியவில்லை. முழங்கால் பரவாயில்லை. வெயிலில் அலையாதீர்கள். குருவியும் சுகம்.

தம்பி

மே 17

தம்பிக்கு அக்கா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உறையைக் கவிழ்த்து உதறியும் பார்த்தேன். விண்ணப்பம் ஒன்றும் இல்லை. நான் கேட்டதும் இதைத்தான். சந்தோஷப்பட வேண்டியவள் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ முழங்காலுக்கும் பதவிக்கும் எழுதிக் கேட்ட நாட்களில் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் நீ அங்கே உயிரோடு, ஆசையோடு, அவசரத்தோடு இருக்கிறாய் என்று தெரியும். இப்போது 'குருவியும் சுகம்' என்று இரண்டு வார்த்தையில் மூடியிருக்கிறாய். கதவைச் சாத்தியதுபோல் இருக்கிறது. கேட்கிறவன் கேட்பதை நிறுத்திவிட்டால் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படியிருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. ஜனவரியிலிருந்து நான் ஒருவருக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இதற்காக நிறுத்தத்தைக் கைவிடப்போவதில்லை. கணக்கில் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், கேலி செய்யாதே. சில காலைகளில் எதிரே அவர் இல்லை. முன்பு இதையெல்லாம் கவனித்ததில்லை. பெயர்களை வாசித்து முடித்தால் வேலை முடிந்தது, அவர் இருந்தாரா என்று யார் பார்த்தார்கள்? இப்போது தெரிகிறது. இல்லாத நாளில் மேஜை வெறும் மேஜை, ஜன்னல் வெறும் ஜன்னல். எனக்கு அவரிடம் வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனாலும் வேண்டும்போல் இருக்கிறது. வெளியூர் போன புருஷனுக்காக வாசலைப் பார்க்கிற புதுப்பெண்போல், இந்த வயதில், பல் இரண்டு போன பிறகு.

பிள்ளைக்கு என்ன? மறைக்காமல் எழுது. அவள் பெயர் நேற்று என் நாக்கு வரை வந்துவிட்டது. கடித்து விழுங்கினேன்.

அக்கா

ஜூன் 25

அன்புள்ள அண்ணிக்கு, உங்கள் தம்பியின் மனைவி எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? காது எப்படி இருக்கிறது?

இவர் உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தார். பதில் எழுதுகிறேன் என்று உட்கார்ந்து, 'அன்புள்ள அக்காவுக்கு' என்று எழுதிவிட்டு எழுந்துபோகிறார். அதனால் நான் எழுதுகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்வார். நீங்களும் அப்படியே இருந்துவிடுங்கள்.

குருவி வீட்டைவிட்டுப் போய்விட்டாள். போன வருஷக் கடைசியில், அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு முற்றியது. படிப்பை நிறுத்திவிட்டு வேறு நகரத்தில் ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்கிறேன் என்றாள். "இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராதே" என்று இவர் சொன்னார். அவள் உங்கள் வீட்டுப் பிள்ளை. தாண்டிவிட்டாள்.

உங்கள் வீட்டு அண்ணன் இறந்த செய்தி வந்த அன்றைக்கே இவருக்கு லீவு கிடைத்தது அண்ணி. பெட்டியும் கட்டியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து அவள் போன் செய்தாள். குளிர் உடுப்புகளை எடுக்க இந்த வாரம் எப்போதாவது வருவேன் என்றாள். எந்த நாள் என்று சொல்லவில்லை. இவர் பெட்டியை அவிழ்த்துவிட்டு வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வந்தாள். உடுப்புகளை எடுத்தாள். டீகூடக் குடிக்கவில்லை. போய்விட்டாள். இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் லீவு இல்லை என்று எழுதினார்.

இப்போதும் அவள் கூப்பிடுவதுண்டு. ஏதாவது தேவைப்பட்டால்தான். சான்றிதழ் எந்த அலமாரியில் இருக்கிறது, காய்ச்சலுக்கு என்ன மாத்திரை என்று. போன் அடித்தால் இவர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவருகிறார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "தேவைக்குத்தானே கூப்பிடுறா, அதுக்கு ஏன் இப்படி விழுந்தடிச்சு ஓடுறீங்க?" என்று கேட்டேன்.

"கூப்பிடுறாளே" என்றார்.

துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

இப்படிக்கு
உங்கள் தம்பி மனைவி

ஜூலை 6

தம்பிக்கு அக்கா எழுதுவது. எனக்கு யாரும் எதுவும் எழுதவில்லை. நானாகத் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் பொய் சொன்னாய். அது இன்னொரு அநியாயம், சேர்த்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னைத் திட்டியிருப்பேன். திட்டிவிட்டு, இருந்து பிள்ளையைப் பார் என்றும் சொல்லியிருப்பேன். அந்த இரண்டாவது வார்த்தை என் வாயில் வராது என்று நினைத்தாய் பார், அதுதான் வலிக்கிறது.

தெரிந்த மறுநாள் காலை உன்னைப் பற்றிக் குற்றப்பத்திரிகை வாசிக்கத்தான் உட்கார்ந்தேன். 'கூப்பிடுறாளே' என்ற சொல் குறுக்கே வந்து நின்றுகொண்டது. நகரமாட்டேன் என்கிறது.

நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? நான் கேட்டுக் கேட்டு அவருக்குச் சலித்துவிட்டது, அதனால்தான் கடைசியில் கையை விரித்துவிட்டார் என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. நான் முழங்காலுக்கும் வயிற்றுக் கட்டிக்கும் கூப்பிட்ட காலையெல்லாம் அவர் நுரையோடு ஓடி வந்திருக்கிறார். கேட்டதில் குற்றமில்லை. குருவியின் மேலும் குற்றமில்லை, மாத்திரைக்கு அப்பாவைக் கேட்காமல் யாரைக் கேட்பாள்? ஆனால் மாத்திரையின் பேர் தெரிந்ததும் போனை வைத்துவிடுகிறாள். இந்தப் பக்கம் நீ அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பாய். நிற்பாய், எனக்குத் தெரியும், சின்ன வயதில் நான் வேலைக்குக் கிளம்பிய பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

நானும் அவரிடம் அப்படித்தான் வைத்துவிட்டிருக்கிறேன். கடைசிப் பெயரை வாசித்ததும் ஆமென். ஆமென் என்றால் டக்கென்று எழுந்து அடுப்பைப் பற்றவைப்பேன். அந்தப் பக்கம் யார் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள் என்று பார்த்ததில்லை.

நேற்று குருவியின் பெயரைச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை, பெயர் மட்டும். சொல்லிவிட்டு ஆமென் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவரும் இருந்தார். வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது என்று நினைக்காதே. தளர்த்தியிருக்கிறேன்.

முழங்காலோடு ஓடாதே, வழுக்கும்.

அக்கா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? மேலுக்குக் கேட்கவில்லை. பதிலைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

எனக்கு ஒன்றும் வேண்டியதில்லை. சும்மா எழுதுகிறேன். காலை ஷிப்டுக்குக் கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் வேலை இருக்காது, கீழே லாரிகள் வந்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில் முன்பெல்லாம் என் விண்ணப்பங்களை அவசர அவசரமாகச் சொல்லிவிடுவேன். இப்போது உங்களைப் பார்த்து நானும் வெறுமனே உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் தூங்கிவிட்டேன். கீழேயிருந்து வாக்கிடாக்கியில், "மேல உயிரோட இருக்கீங்களா, இல்ல பரலோகம் போயிட்டீங்களா?" என்று கத்தினார்கள். இரண்டாம் நாள் தூங்கவில்லை. கடலில் வெளிச்சம் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ அதையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. மனப்பிரமையாகவும் இருக்கலாம். உங்களுக்கு அப்படி இருந்ததுண்டா?

குருவி கூப்பிட்டாள். தடுப்பூசிச் சீட்டு வேண்டுமாம். அனுப்புகிறேன் என்றேன். எப்போது வருவாய் என்று கேட்க வாய் துடித்தது, கேட்கவில்லை. அவள் உடனே வைக்கவில்லை அக்கா. அந்தப் பக்கம் தட்டுகள் அடுக்குகிற சத்தம் கேட்டது. நானும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு, "அப்பா, முட்டி எப்படி இருக்கு?" என்றாள். "இருக்கு" என்றேன். எழுதத் தெரியாதது மட்டுமில்லை, எனக்குப் பேசவும் தெரியவில்லை.

ஜனவரியில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். அத்தானின் கடைசி நாள் எப்படி இருந்தது? நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? நீங்கள் எவ்வளவு எழுதினாலும் வாசிப்பேன்.

தம்பி

செப்டம்பர் 2

தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகமாக இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன். நீ கேட்டதற்கு இது பதில்.

பக்கத்தில் இருந்தேன். அதுதான் நான் இதுவரை எழுதாதது. அன்று மத்தியானம் உன் அத்தான் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். காது கேட்காததால் வாயருகே குனிந்தேன். "போதும்டி, ஜெபத்தை நிறுத்து. கொஞ்ச நேரம் சும்மா என் பக்கத்துல இரு" என்றார். குழாய் வேலைக்காரர், ஆலயத்துக்கு வந்தாலும் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர், அவர் பேச்சைக் கேட்டு நான் ஜெபத்தை நிறுத்துவேனா? சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். இன்னும் பலமாகக் கேட்டேன். கெஞ்சினேன், பேரம் பேசினேன். கண்ணைத் திறந்தபோது அவர் போய்விட்டிருந்தார். எந்த நிமிஷத்தில் போனார் என்று எனக்குத் தெரியாது. என் கை அவர் கையில்தான் இருந்தது.

இதை நான் தப்பு என்று எழுதவில்லை. புருஷன் சாகக் கிடக்கும்போது எந்த மனைவியும் கேட்கத்தான் செய்வாள். ஆண்டவர் என் கண்ணைத் திறந்துவிட்டிருக்கலாம். அதைப் பற்றி அவரிடம் கேட்டாயிற்று. எட்டு மாதமாக அந்தக் கேள்வியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். அவர் விளக்கம் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை. போன வாரம் ஒரு காலை இதைச் சொல்லி அழுதேன். அழுதபோது அந்த அறையில் நான் தனியாக இல்லை. நீ கேட்டாயே, அப்படி இருந்ததுண்டா என்று. உண்டு. எப்போதும் இல்லை. இல்லாத நாளில் முன்னைவிட அதிகமாகத் தேடுகிறது. அந்தத் தேட்டத்தை எடுத்துப் போடச் சொல்லி அவரிடம் கேட்கமாட்டேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாக வாசி.

நீ ஒரு வார லீவுக்கு எழுதிக் கொடு. கல்யாணம், சாவு, வைத்தியம் என்று எதையும் காரணமாகக் காட்டாதே. அக்காவைப் பார்க்க என்று எழுது. வந்து சும்மா இரு. ஓட்டைக் கூரையைச் சரிசெய்கிறேன், அதைச் செய்கிறேன் இதைச் செய்கிறேன் என்று கிளம்பினால் அடுத்த வண்டியில் திருப்பி அனுப்பிவிடுவேன். குருவி கூப்பிட்டால் கேட்டதைக் கொடு. எப்ப வருவே என்ற கேள்வியை அடக்கிவைத்தது உன் வாழ்நாளில் நீ செய்த ஒரே புத்திசாலித்தனம், அதைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ இங்கே இருக்கும்போது அவள் வீட்டுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்காதே, அதற்கு உன் மனைவி இருக்கிறாள்.

உன் மனைவி செய்ய வேண்டியது, வீட்டை விட்டு நகராமல் அந்த ஒரு வாரம் போனைப் பார்த்துக்கொள்வது. பிள்ளை வந்தால் டீயைக் கேட்காமலே போட்டு முன்னால் வைத்துவிட வேண்டும். அத்தை விசாரித்தாள் என்று சொல்லலாம். எனக்கு எழுதாத கடிதத்தை அவள் நன்றாக எழுதியிருந்தாள் என்பதையும் தெரிவித்துவிடு.

குருவி செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. தேவைப்படும்போது கூப்பிடட்டும்.

போதகரிடம் சொல்லிவிட்டேன். பெண்கள் கூட்டத்துக்கு வருகிறேன், ஆனால் அவரவர் பாரத்தை அவரவர் வாயால் சொல்ல வேண்டும், எல்லோரும் சொல்லி முடித்த பிறகு உடனே ஆமென் போட்டுக் கதவைத் திறக்கக் கூடாது, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும் என்று. "எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டார். அதை அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் செய்ய வேண்டியது, காலையில் எழுவது. முதலில் அவரோடு இருப்பது. பெயர்களெல்லாம் அதற்குப் பிறகு. உன் பெயரும் உண்டு, முழங்காலும் உண்டு. நேரம் போய்விட்டால் பெயர்கள் மறுநாளைக்கு. கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிப்பேன், யார் என்ன சொன்னாலும்.

ஆண்டவர் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அதை அவரிடமே சொல்லிவிட்டேன். உனக்கு எழுத வேண்டிய விஷயமில்லை.

அக்கா